இணையவழித் தேர்வுக்கு விதி எழுதப்போகும் இளையவர்களுக்கு

தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் சிலர், பழைய கையேட்டை எடுத்து, 'தேர்வுக்கூடம்' என்று இருக்கும் இடங்களில் 'வீடு' என்று மாற்றி, அகாடமிக் கவுன்சிலில் வைத்துவிடுகிறார்கள். அது போதாது. கூடத்தில் மாணவரை நம் இடத்துக்கு வரவழைக்கிறோம். இணையவழித் தேர்விலோ நாம் அவர் வீட்டுக்குள் போகிறோம். நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1. முதலில், வீட்டிலிருந்து எழுதும் தேர்வு வேண்டுமா என்று கேளுங்கள். சென்னை ஐஐடியின் பிஎஸ் பட்டப்படிப்பில் வகுப்புகள் இணையத்தில்தான். ஆனால் பருவ இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். என்பிடெல் சான்றிதழ்த் தேர்வும் அப்படியே. புத்தகத்தைப் பார்த்து எழுதும்படியான வினாத்தாளைத் தயாரிக்கத் துறைத்தலைவர் சம்மதித்தால் கேமராவுக்கே வேலையில்லை.

2. தேர்வெழுதுபவரைக் கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருளை விற்கும் நிறுவனம் தரும் மாதிரி விதிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். அவை அந்த நிறுவனத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டவை.

3. மென்பொருள் சந்தேகத்தைக் காட்டலாம், முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். இதை விதியின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். துணைத் தேர்வை ஆடி மாதத்தில் வைத்துப் பாருங்கள். தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியை 'அறையில் வேறொருவர் குரல்' என்று அது குறித்துக்கொள்ளும். கணக்குப் போடக் குனிபவர், கேள்வியை முணுமுணுத்துப் படிப்பவர், பின்னால் நடந்துபோன பாட்டி என்று எல்லோருக்கும் ஒரு சிவப்புக் குறி விழும். அதை யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? இத்தொழிலில் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான புராக்டர்யூ, ஆளே இல்லாமல் செயற்கை நுண்ணறிவு மட்டும் கண்காணிக்கும் சேவையை விற்பதில்லை என்று 2021 மே மாதம் அறிவித்தது. குறி விழுந்த தேர்வுகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் கல்வி நிறுவனங்கள் திறந்தே பார்த்தன என்றும் அதுவே சொன்னது. இங்கே, அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் இணையவழித் தேர்வில் ஏராளமானோரின் முடிவுகள் முறைகேட்டுச் சந்தேகத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, கடைசியில் மறுதேர்வு வரை போனது.

ஆகவே எண்ணோடு எழுதுங்கள். குறி விழுந்த பதிவை எத்தனை பேர் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்குள் பார்ப்பார்கள்? இருவருக்குக் குறையக் கூடாது, அதில் ஒருவர் அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்கட்டும். விடைத்தாள் திருத்தக் கொடுப்பதைப் போல இதற்கும் மதிப்பூதியம் வேண்டும். பணம் இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். நிதிக் குழுவில் இதற்காகச் சண்டை போட வேண்டிவரும், போடுங்கள்.

4. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும் வழக்கத்தை யோசித்துச் சேருங்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில், வேதியியல் தேர்வுக்கு முன் படுக்கையறையைக் காட்டச் சொன்னதை எதிர்த்து ஒரு மாணவர் வழக்குப் போட்டார். அது அரசமைப்புக்குப் புறம்பான சோதனை என்று 2022 ஆகஸ்டில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை நாம் தள்ளிவிட முடியாது. ஒற்றை அறை வீடு, குறுக்கே கொடியில் துணி, இரவு வேலை முடித்து வந்து தரையில் தூங்கும் அப்பா, சுவரோரம் மடிக்கணினியோடு மகள். அவளிடம் லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டு என்று எந்த முகத்தோடு சொல்வது? மேசைப் பரப்பை மட்டும் காட்டினால் போதும் என்று எழுதலாம். வீட்டில் எழுத முடியாதவருக்குக் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் இடம் உண்டு, காரணம் கேட்கப்படாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

5. ஆம்ஸ்டர்டாமில் கறுப்பின மாணவி ஒருவர், மென்பொருள் தன் முகத்தைக் கண்டுகொள்ளவில்லை, முகத்தில் விளக்கை அடித்துக்கொண்டே தேர்வெழுத வேண்டியதாயிற்று என்று புகார் செய்தார். பாகுபாடு நிரூபணமாகவில்லை என்று நெதர்லாந்தின் மனித உரிமை அமைப்பு 2023இல் சொன்னது. பல்கலைக்கழகம் புகாரைக் கையாண்ட விதம் சரியில்லை என்பதையும் அதுவே சொன்னது. நம் பிள்ளைகளின் நிறத்துக்கும் நம் வீட்டு டியூப்லைட்டுக்கும் மென்பொருள் ஒத்துவருகிறதா என்று மாதிரித் தேர்வில் பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

6. கரண்ட் போகும். எத்தனை நிமிடம் இணைப்பு அறுந்தால் தொடரலாம், எப்போது மறுதேர்வு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மறுதேர்வுக்குக் கட்டணம் கூடாது. உதவி எண்ணை எடுக்க ஆள் இருக்கட்டும்.

7. மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் எழுதுபவர் உதவியும் மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருப்பவை. வீட்டுத் தேர்விலும் அவை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருபவரை 'இரண்டாவது ஆள்' என்று மென்பொருள் குறிக்கும் என்பதால் விலக்கை முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

8. தேர்வின் காணொளிப் பதிவுகள் எங்கே இருக்கும், யார் திறக்கலாம், எப்போது அழிக்கப்படும்? 2020இல் புராக்டர்யூவிடம் இருந்த சுமார் 4.4 லட்சம் பயனர்களின் விவரங்கள் கசிந்தன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழில் ஒரு பக்கம் போதும். வக்கீல் நோட்டீஸ் நடை வேண்டாம்.

9. விசாரணை. அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவப் பள்ளியில் 2021இல், தேர்வு நேரத்தில் பாடப் பக்கங்கள் திறந்திருந்ததாகக் கணினிப் பதிவு காட்டியது என்று 17 மாணவர்கள் மேல் குற்றம் சாட்டினார்கள். மாணவர் தொடாமலேயே கருவிகள் தாமாக அப்படிப் பதிவு உண்டாக்கும் என்று தெரிந்தபின் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கட்டும். காணொளியை மாணவருக்குக் காட்டுங்கள், பதில் சொல்ல ஒரு வாரமாவது கொடுங்கள். மேல்முறையீட்டைக் கேட்பவர் முதல் முடிவை எடுத்தவராக இருக்கக் கூடாது. முடிவு வரும்வரை 'மால்பிராக்டிஸ்' என்ற சொல் மதிப்பெண் பட்டியலில் ஏற வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற நிறுவனம் அந்தச் சொல்லை மட்டும்தான் படிக்கும்.

10. வரைவு முடிந்ததும் கவுன்சிலுக்கு அனுப்புமுன், அரியர் வைத்திருக்கும் மாணவர் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "சார், நடுவில் பாத்ரூம் போகலாமா?" என்று கேட்பார்கள். அதற்கு உங்கள் விதியில் பதில் இல்லையென்றால், வரைவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் எழுதுங்கள்.