பீரோ நிறையச் சேலை, கட்ட ஒன்றுமில்லை

நம்பிக்கை: துணி நிறைய இருந்தால் கிளம்புகிற நேரத்தில் குழப்பம் வராது.

குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. புதுக்கோட்டைப் பக்கம் நடுத்தரக் குடும்பத்துப் பீரோ ஒன்றைத் திறந்தால், கைக்கு வாகான நடுத்தட்டில் பட்டும், கல்யாணங்களில் வைத்துக் கொடுத்ததும், ஆடித் தள்ளுபடியில் அள்ளியதும் அடுக்கியிருக்கும். வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் நாள்களில் உடுத்துபவை அவை. தினம் கட்டுவதோ கொடியிலும் நாற்காலி முதுகிலும் கிடக்கும். முதலில் இதை மாற்றுங்கள். அன்றாடத் துணிக்கு நடுத்தட்டு, பட்டுக்கு மேல்தட்டு.

சேலையை எண்ணுகிற நாம் ஜாக்கெட்டை எண்ணுவதில்லை. நாற்பது சேலை இருந்து, இன்றைய உடம்புக்குச் சேரும் ஜாக்கெட் ஆறுதான் என்றால், அந்த ஆறுக்குப் பொருந்துகிற சேலைதான் வெளியே வரும். ஆகவே அடுத்த செலவு சேலையாக இருக்க வேண்டியதில்லை. பல சேலைக்குப் போகும் கருப்பு, மெரூன், சந்தன நிறங்களில் ஜாக்கெட் தைத்தாலே உறங்கும் சேலைகள் எழுந்துவிடும். “உள்ளே துணி விட்டுத் தைங்கண்ணே” என்று டெய்லரிடம் சொல்ல மறக்காதீர்கள். உடம்பு கொஞ்சம் பூசினால் பக்கத்துத் தையல் ஒன்றைப் பிரித்தால் போதும். ‘இளைத்த பிறகு போடலாம்’ என்று வைத்திருக்கும் ஜாக்கெட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம்பிக்கை: சேலை கட்டினால் வேலை ஓடாது, வண்டி ஓடாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? 1991-இல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பிள்ளையை உட்காரவைக்க அந்தப் பார்தான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. சேலையும் பாவாடை தாவணியும் அவர்களை நிறுத்திவிடவில்லை. சேலையில் எந்தத் துணி, எப்படிக் கட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. வழுக்குகிற சிந்தெடிக் சேலையை மிதிவண்டியில் சமாளிப்பது சிரமம். கணுக்காலுக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டிய பருத்திச் சேலை சொன்னபடி கேட்கும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அழகைக் கெடுக்கிறதென்று அதைக் கழற்றிவிட்டுச் சேலையைக் குறை சொல்லக் கூடாது. உண்மையில் அதிகக் கவனம் வேண்டியது சுடிதாரின் ஷாலுக்கு. சக்கரத்தில் மாட்டினால் அது கழுத்தை இறுக்கும். வண்டியில் ஏறுமுன் முடிச்சிட்டுச் செருகுங்கள், அல்லது பைக்குள் போடுங்கள்.

நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன் போட்டு, தலையில் துண்டு. வெயில், முள், சுணை மூன்றுக்கும் ஒரே மறைப்பு. எந்த ஃபேஷன் ஆலோசகரும் சொல்லித் தராத, காசு செலவில்லாத ஏற்பாடு இது. சட்டை அடர்நிறமாக இருந்தால் சுடாதா? 1980-இல் ‘நேச்சர்’ இதழில் சினாய் பாலைவனத்துப் பெதூயின் மக்களின் கருப்பு அங்கியைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கருப்பு அங்கி வெயிலைக் கூடுதலாக இழுத்தது. ஆனால் தளர்வாக இருந்ததால் அந்தச் சூடு தோலுக்கு வருமுன்பே காற்றோடு போய்விட்டது. வெள்ளை அங்கிக்காரருக்கும் கருப்பு அங்கிக்காரருக்கும் உடம்பில் சேர்ந்த சூடு ஒன்றுதான். நிறத்தைவிடத் தளர்வு முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்தி புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை.

நம்பிக்கை: அரசு அலுவலகம் என்றால் சேலைதான்.

2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணையே சேலையோடு சல்வார் கமீஸையும், துப்பட்டாவுடன் சுடிதாரையும் அனுமதிக்கிறது. ஆண்களுக்குப் பேன்ட் சட்டை மட்டுமல்ல, வேட்டியும் உண்டு.

நம்பிக்கை: நம்ம ஊர் வெக்கைக்குப் பருத்தி போதும், 33 துணி இருந்தால் எல்லாம் முடிந்தது.

பருத்தி வியர்வையைக் குடிக்கும், சரி. குடித்ததை லேசில் விடாது. சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதத்தையும் எட்டாது. விராலிமலை, அன்னவாசல் பக்கத்து வறண்ட வெயிலில் எதுவும் சட்டென்று காய்ந்துவிடும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடலோரக் காற்றில் தடித்த பருத்தி முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அங்கே மெல்லிய நெசவு, அல்லது பருத்தி கலந்த துணி தேவலாம்.

33 என்ற எண் அமெரிக்காவிலிருந்து வந்தது. மூன்று மாதத்துக்கு அவ்வளவு போதும் என்பது அவர்கள் கணக்கு. கத்திரியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுகிற நமக்கு அது எப்படி ஒத்துவரும்? நம் கணக்கைத் துவைப்பதிலிருந்து போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்து, நாளுக்கு இரண்டு உடுத்தினால் ஆறு. காயும் நாளுக்கு இரண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவே இரண்டு மூன்று நாளாகும் என்பதால் இன்னும் நாலு. பன்னிரண்டில் அன்றாடம் முடிந்தது.

நம்பிக்கை: கஞ்சி போட்டு மடித்து, அந்துருண்டை போட்டுவிட்டால் துணி பத்திரம்.

அந்துப்பூச்சியின் புழு தின்பது பட்டையும் கம்பளியையும். சுத்தமான பருத்தி அதற்கு வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கோ மாவுச்சத்து என்றால் உயிர். கஞ்சிச் சேலையை மாதக்கணக்கில் பூட்டி வைப்பது அதற்கு இலைபோட்டுப் பரிமாறுவதுதான். கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள், கட்டுமுன் போட்டுக்கொள்ளலாம். காரைக்குடிக் கண்டாங்கிக்கும் இதே முறைதான். பட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே விட்டுப்போகும்.

அந்துருண்டை நாப்தலீன். பிறந்த குழந்தையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றுகிற வழக்கம் நமக்கு உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலீன் ஏறிய துணி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும் வேட்டியையும் சேலையையும் உருண்டை இல்லாத தட்டில் தனியாக வையுங்கள். உருண்டையோடு கிடந்ததென்றால் குழந்தைக்கு வேறு துணி தேடுங்கள்.