நூலகமும் கேள்விச் செல்வமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வரிசையாக நிற்கும் புத்தக அலமாரிகள், நீண்ட மேசை, "அமைதி காக்கவும்" என்னும் பலகை, தலை குனிந்து படிப்போர். இவ்வளவுதான் நூலகம் என்று பள்ளி நாள் தொட்டு நானும் எண்ணியிருந்தேன். பொது நூலகங்களில் பெரியவர்களுக்கென நடைபெறும் சொற்பொழிவு, வாசகர் வட்டக் கூட்டம், கண்காட்சி முதலியவற்றை விழாக்கால அலங்காரம் என்றே கருதினேன். அக்கருத்து தவறு என்பதை எனக்கு உணர்த்தத் தொடங்கியது ஒரு வீட்டு வரி இரசீது.

ஒரு வினா

சென்ற ஆண்டு ஊராட்சி அலுவலகத்தில் வரி கட்டி வந்த என் தந்தையார், இரசீதை என்னிடம் நீட்டி, "என்னடா போட்டிருக்கு, படி" என்றார். வீட்டு வரி 110 ரூபாய். அதன் கீழே நூலக வரி 11 ரூபாய். "நூலகத்துக்கா? நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே. என்கிட்ட எதுக்கு வாங்குறாக?" என்று கேட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வயல் வேலைக்குச் செல்பவர். அவ்வினாவிற்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடியபோது படித்தவற்றையும் பின்னர்க் கண்டவற்றையும் இக்கட்டுரையில் தருகிறேன்.

சட்டம் கூறுவது

நம் மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதனைக் கொண்டுவந்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்குப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் 1892-இல் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன். கணிதம் கற்பித்த ஓர் ஆசிரியர் நூலக இயலுக்கு உலகப் புகழ் தேடித் தந்தார் என்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமை தருவதாகும்.

சொத்து வரியுடன் ரூபாய்க்கு 6 பை வீதம் நூலக வரி பெற அச்சட்டம் முதலில் வழிவகுத்தது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஆகவே நூலகம் படித்தவர்கள் மட்டும் பணம் போட்டு நடத்தும் மன்றம் அன்று. வீடு உள்ள ஒவ்வொருவரும், எழுத்தறியாதவர் உட்பட, அதற்குப் பொருள் தருகின்றனர்.

சட்டத்தில் மற்றொரு பகுதி என்னை வியப்பில் ஆழ்த்தியது. நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் எனக் கூறும் இடத்தில், நூல்களும் இதழ்களும் மட்டும் சொல்லப்படவில்லை. விளக்குப் படங்கள், திரைப்படச் சுருள்கள் ஆகியவற்றை வாங்கவும், சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யவும் அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. படம் பார்ப்பதற்கும் பேச்சுக் கேட்பதற்கும் எழுத்தறிவு வேண்டுமா? வேண்டியதில்லை அல்லவா! எழுத்தறிந்தோர் குறைவாக இருந்த அந்நாளிலேயே, படிக்க இயலாதவருக்கும் நூலகத்தில் ஓர் இடம் வைத்துள்ளனர் என்பதே இதன் பொருள் என நான் கொள்கிறேன்.

முன்னோர் காட்டிய வழி

1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்னும் விதியை உள்ளடக்கிய அவருடைய நூலக இயலின் ஐந்து விதிகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1951-இல் யுனெஸ்கோவும் இந்திய அரசும் இணைந்து தில்லிப் பொது நூலகத்தைத் தொடங்கின. புதிதாக எழுத்தறிந்த பெரியவர்களை மனத்திற்கொண்டு, அங்கே நூல் வழங்குவதோடு கலந்துரையாடல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றையும் நடத்தினர். இன்று சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெரிய அரங்குகளுடன் விளங்குகின்றன. ஆயினும் பெருநகர் அரங்கினும் சிற்றூர்க் கிளை நூலகத்தின் சிறிய கூடமே என் தந்தையார் போன்றோருக்கு எட்டும் தொலைவில் உள்ளது.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்ததாகக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. கல்லாதவனும் கேட்டறிய வேண்டும் என்பது அவர் கருத்து. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர். எஞ்சிய ஐந்தில் ஒருவருக்கு நூலகம் தரக்கூடியது இந்தக் கேள்விச் செல்வமே.

நான் கண்ட இரண்டு கூட்டங்கள்

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றேன். வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு, 'வாசிப்பின் மேன்மை' என்னும் தலைப்பில் அது நடைபெற்றது. வந்தவர் பதினான்கு பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும். பேச்சு நன்றாகவே இருந்தது. ஆனால் வாசிப்பின் மேன்மையை முன்பே அறிந்தவர்கள்தாம் அதைக் கேட்டோம்.

கூட்டம் முடிந்ததும் என் தந்தையாரின் வினாவை நூலகர் அம்மையாரிடம் கூறினேன். அவர் கோபம் கொள்ளவில்லை. "அறிவிப்பை நாங்க பலகையில ஒட்டுறோம் தம்பி. படிக்கத் தெரிஞ்சவங்கதான் வருவாங்க. உங்க ஊர்ல எதைப் பத்திப் பேசினா வருவாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்டேன். டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் பலர் கூறியது ஒன்றே: பாம்புக்கடி. அதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு எங்கள் தெருவில் தரையில் படுத்து உறங்கிய ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டியது. கயிற்றால் இறுகக் கட்டி, மந்திரிக்க அழைத்துச் சென்று, விடியும் வேளையில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அவர் பிழைக்கவில்லை.

இரண்டாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு நடந்தது. வீடு வீடாகச் சென்று வாய்ச்சொல்லால் அழைத்தோம். அறுபது பேருக்குக் குறையாமல் வந்தனர். என் தந்தையார் வாயிற்படி வரை வந்து, "நீ போ, நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார். நூலகர் அம்மையார் தாமே நாற்காலி எடுத்து வந்து, "உள்ளே வாங்க ஐயா" என்று அழைத்த பிறகே உள்ளே வந்தார்.

அரசு மருத்துவர் ஒருவர் படங்களைக் காட்டி எளிய தமிழில் பேசினார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் என்றார். கட்டுவிரியன் இரவில் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமலே நஞ்சு ஏறலாம். ஆகையால் வலி இல்லை என்று வாளாவிருக்கலாகாது. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைதலே வழி. நான் வகுப்பில் படித்திருந்த செய்திகள் அவற்றுள் சில. ஆனால் அவற்றை என் தெருவில் எவருக்கும் நான் சொன்னதில்லை.

ஐயம் கேட்கும் நேரத்தில் என் தந்தையார் எழுந்தார். "அன்னைக்குக் கயித்தைக் கட்டினது நான்தான் ஐயா. கட்டியிருக்கக் கூடாதா?" என்றார். கூடம் அமைதியாயிற்று. அவர்தாம் கட்டினார் என்பது எனக்கே அதுவரை தெரியாது. மருத்துவர் சிறிது நேரம் பொறுத்து, "காப்பாத்தணும்னுதான் கட்டினீங்க. யாரும் சொல்லாதது உங்க குத்தம் இல்லை. இனி கட்டாதீங்க, கட்டப் போறவங்களையும் தடுங்க" என்றார்.

வெளியே வரும் வழியில் ஒரு மேசையில் பாம்புகள் பற்றிய நூல்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் தந்தையார் ஒன்றைப் புரட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துக்க, ராத்திரி படிச்சுச் சொல்லு" என்றார். அவருக்காக நான் நூலகத்திலிருந்து எடுத்த முதல் நூல் அதுவே.

நாம் செய்யத்தக்கவை

இவ்வனுபவத்தால் நான் அறிந்தவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

1. கூட்டத்தின் நேரம் உழைப்பவரின் ஓய்வு நேரமாக இருத்தல் வேண்டும்.

2. பலகை அறிவிப்பு படித்தவரை மட்டுமே அழைக்கும். மற்றவரை வாய்ச்சொல்லே அழைக்கும்.

3. பொருளைப் பேச்சாளர் தேர்ந்தெடுப்பதினும் கேட்போர் தேர்ந்தெடுப்பது நன்று.

4. கூட்டத்தின் முடிவில் அப்பொருள் பற்றிய நூல்கள் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் கேட்டது காற்றோடு போகும்.

5. வாரம் ஒரு மணி நேரமேனும் நூலகத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்கலாம்.

ஐந்தாவதற்கு என் அப்பத்தாவே சான்று. 1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவர் எழுத்தறிந்தார். இயக்கம் முடிந்த பின் படிக்க ஒன்றும் கிடைக்காமையால் எழுத்துகள் மறந்தன. கையெழுத்து மட்டும் எஞ்சியது. கற்பித்தலுக்குப் பின் நூலகம் தொடராவிட்டால் இதுவே நேரும்.

முடிவுரை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் உள்ள நம் மாணவ நண்பர்கள் அவ்வாரத்தில் தத்தம் ஊர்க் கிளை நூலகத்திற்குச் சென்று, கூட்டத்திற்கு ஆள் அழைக்கும் பணியை மேற்கொள்ளலாம். அதற்குச் செலவில்லை. நாலு தெரு நடந்தால் போதும். பேராசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை அக்கூட்டங்களில் பேசுவதற்கு ஒதுக்குவார்களாயின், வகுப்பறைக் கல்வி வயல் வரப்பு வரை செல்லும்.

இவ்வாண்டும் என் தந்தையார் வரி கட்டி வந்தார். இரசீதை நீட்டியபோது நூலக வரி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.