இரு நகரங்கள் கற்பித்த பாடம்

நுழையும்முன்

நோயைத் தீர்க்கும் மருந்து, முறைதவறிப் பயன்படுத்தினால் தன் வலிமையை இழந்துவிடும். நம் பெற்றோரின் மாநிலத் தலைநகரான சென்னையும், நாம் வாழும் பெங்களூருவும் காசநோயை எதிர்த்து ஆற்றிய பணியின் வழியே இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

நுண்ணுயிரும் மருந்தும்

மண்ணிலும் நீரிலும் நம் உடலிலும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாவே. சில வகைகள் மட்டுமே காசநோய், டைபாய்டு, நிமோனியா போன்ற நோய்களை உண்டாக்குகின்றன. இவற்றை அழிக்கவோ, பெருகாமல் தடுக்கவோ பயன்படும் மருந்துகளை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் என்கிறோம். மக்கள் வழக்கில் இவை ஆன்டிபயாடிக் எனப்படும்.

1928ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். அதற்காக 1945ஆம் ஆண்டில் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்போது ஆற்றிய உரையில் அவர் ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். போதிய அளவில் மருந்தை உண்ணாவிடில், நுண்ணுயிர்கள் அழியாமல் அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பதே அவ்வெச்சரிக்கை.

எதிர்ப்புத் திறன் எவ்வாறு தோன்றுகிறது?

மீனவர் ஒருவர் பெரிய கண்களை உடைய வலையை ஒரே ஏரியில் நாள்தோறும் வீசுகிறார் எனக் கொள்வோம். பெரிய மீன்கள் அகப்படும். சிறிய மீன்கள் தப்பும். சில ஆண்டுகளில் ஏரியில் எஞ்சுபவை வலைக்குள் சிக்காத மீன்களே. அவற்றின் குஞ்சுகளும் அவ்வாறே இருக்கும். வலை பழையதுதான், ஏரிதான் மாறிவிட்டது.

நுண்ணுயிர்களின் கதையும் இத்தகையதே. நோயுற்றவர் உடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றுள் ஒருசில, தற்செயலாக நேர்ந்த மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருக்கும். மருந்து மற்றவற்றை அழிக்க, இவை எஞ்சிப் பெருகுகின்றன. மேலும், ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்புப் பண்பை வேறொரு பாக்டீரியாவுக்கு வழங்கவும் கூடும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். மருந்துக்குப் பழகிப்போவது நம் உடலன்று. நம் உடலில் உள்ள நுண்ணுயிரே. ஆகவே, வாழ்நாளில் ஒருமுறையும் அம்மருந்தை உண்ணாத ஒருவரையும் எதிர்ப்புத் திறன் பெற்ற நுண்ணுயிர் தொற்றலாம்.

சென்னையின் ஆய்வு

காசநோய்க்குப் பயன்பட்ட முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி ஸ்ட்ரெப்டோமைசின். இது 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இதனைத் தனியே கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறினர்; சில மாதங்களில் பலருடைய உடலில் இருந்த கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுத்தன. எனவே, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை தோன்றியது. ஒரு மருந்திலிருந்து தப்பும் கிருமியை மற்றொன்று அழிக்கும்.

அக்காலத்தில் காசநோயாளிகள் வீட்டை விட்டு நீங்கி, சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனைகளில் பல மாதங்கள் தங்கினர். தாம்பரத்தை அடுத்த தொடர்வண்டி நிலையம் ஒன்று இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால், நோயுற்ற அனைவருக்கும் தரப் போதிய படுக்கைகள் நாட்டில் இல்லை.

1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மருத்துவர் வாலஸ் பாக்ஸ் அதன் தொடக்கக்கால ஆய்வுகளை வழிநடத்தினார். நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினர் தம் எளிய வீடுகளிலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் குறைந்த வீடுகளில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் பரவுவதும் மிகவில்லை. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

ஆயினும், வீட்டுச் சிகிச்சையில் ஓர் இடர் இருந்தது. சில வாரங்களில் காய்ச்சல் தணியும்; இருமல் குறையும்; பசி எடுக்கும். நோய் நீங்கிற்று என எண்ணிப் பலர் மருந்தை நிறுத்தினர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகின. எனவே, நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் கண்டு உறுதிசெய்யும் முறை வகுக்கப்பட்டது. பின்னர் உலகநாடுகள் பலவும் இம்முறையை மேற்கொண்டன.

பெங்களூருவின் பங்கு

1959ஆம் ஆண்டிலேயே பெங்களூருவின் பல்லாரிச் சாலையில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. பெருநகர மருத்துவமனைக்கு மட்டுமன்றிச் சிற்றூருக்கும் ஏற்ற சிகிச்சை முறை எது என்று இந்நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அவர்களின் ஆய்வுகளை அடித்தளமாகக் கொண்டே 1962ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்த் திட்டம் உருவாயிற்று. சென்னை மருந்தின் வழியைக் காட்டியது; பெங்களூரு அம்மருந்து மக்களைச் சென்றடையும் வழியைக் காட்டியது.

இன்று மருந்துக்கு அடங்கும் காசநோயை ஆறு மாதச் சிகிச்சையால் குணப்படுத்தலாம். முதன்மையான இரு மருந்துகளையும் எதிர்க்கும் காசநோயோ வேறு மருந்துகளை வேண்டுவது. அவை விலை மிகுந்தவை, பக்கவிளைவுகளும் கூடுதலானவை.

இன்றைய கவலை

இச்சிக்கல் காசநோயோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். 2012ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, இதனைத் தடுக்க 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளை விற்கும் கடைக்காரர் நோயாளி, மருத்துவர் ஆகியோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயமாயிற்று. மருத்துவரின் சீட்டின்றி வாங்கக்கூடாத மாத்திரைகளின் அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதை மக்களுக்கு உணர்த்தும் இயக்கத்தை 2016ஆம் ஆண்டில் அரசு தொடங்கியது.

நாம் செய்ய வேண்டுவன

சளியும் ஃபுளூ காய்ச்சலும் வைரசால் வருபவை. வைரசை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் அழிப்பதில்லை. ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி, மருத்துவமனைக்குச் செல்லாமல் கடையில் இரண்டு மாத்திரைகளை வாங்கி உண்போர் உளர். அவர்களின் துன்பம் நமக்குப் புரியும். ஆயினும், நோய்க்குப் பொருந்தாத மாத்திரை பணத்தையும் விழுங்கி, நுண்ணுயிருக்கும் பயிற்சி அளித்துவிடும்.

எத்தனை நாள் மருந்துண்ண வேண்டும் என்பது நோய்க்கு நோய் வேறுபடும். சில நோய்களுக்குச் சில நாள்கள் போதும். காசநோய்க்குப் பல மாதங்கள் தேவை. அந்நாள்களைக் குறைக்கவோ கூட்டவோ மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுப்பதும், சென்ற ஆண்டு மருந்துச்சீட்டைக் காட்டி மீண்டும் வாங்குவதும் தவறாகும்.

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ சொந்த ஊர் செல்வது நம் வழக்கம். வேலை தேடி ஊர் மாறுவதும் உண்டு. காசநோய்ச் சிகிச்சை பெறுவோர் இவற்றால் மருந்தை விடக்கூடாது. அரசு மருத்துவ மையங்களில் இம்மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. புறப்படும் முன் தெரிவித்தால், செல்லும் ஊரிலும் சிகிச்சையைத் தொடர ஏற்பாடு செய்வர்.

மருந்தை நாடும் தேவையைக் குறைப்பதே சிறந்த காப்பு. சோப்பிட்டுக் கை கழுவுதல், காய்ச்சிய நீரைப் பருகுதல், உரிய காலத்தில் தடுப்பூசி இடுதல், இருமும்போது வாயை மூடுதல் ஆகியன நோய் பரவுவதைத் தடுக்கும்.

திருக்குறளில் 'மருந்து' என்பதோர் அதிகாரம். மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் வள்ளுவர் சேர்த்துள்ளார். மருந்து அட்டையில் உள்ள ஆங்கிலத்தையும், மருத்துவமனைப் பலகையில் உள்ள கன்னடத்தையும் படித்துத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைக்கும் நீங்களே பல வீடுகளில் அந்நான்காம் பகுதியாக இருக்கிறீர்கள். அப்பொறுப்பைக் கருத்துடன் ஆற்றுங்கள்.

சொல்லும் பொருளும்

எஞ்சுதல் – மீதமாக இருத்தல்
இடர் – துன்பம், தடை
பிரகடனம் – பொது அறிவிப்பு
தணிதல் – குறைதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பென்சிலினைக் கண்டறிந்தவர் ________.
2. பெங்களூருவில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்த ஆண்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. நோயுற்ற
2. நல்லுணவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வலையின் உவமை எதனை விளக்குகிறது?
2. காசநோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் தரப்படுவது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், இருமல் நின்றதால் காசநோய் மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார். அவருக்கு நீங்கள் கூறுவன யாவை?

உ. செயல்பாடு
வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பெரியவர் துணையுடன் பாருங்கள். சிவப்புக் கோடு உள்ளவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதி வருக.