கொடி நாளும் ஐந்து குண்டுகளும்



டிசம்பர் 7 அன்று நாங்கள் உண்டியலும் குட்டிக் கொடிகளுமாக வகுப்பு வகுப்பாக வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "போன வருஷமும்தான் காசு போட்டோம், இது எதுக்கு?" என்று சிலர் கேட்டீர்கள். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கொடி நாள் என்றால் என்ன?

நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949-இல், ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7-ஐப் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாட முடிவு செய்தார்கள். கொடியில் மூன்று நிறங்கள் உண்டு. சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை.

அன்று சேரும் பணம் போரில் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களின் நலனுக்கும் போகிறது. படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதால் சிப்பாய்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதன் பிறகும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், வாழ வேண்டும் அல்லவா?

இங்கிலாந்திலும் இதுபோல ஒரு வழக்கம் உண்டு. முதல் உலகப்போர் முடிந்த நவம்பர் 11-ஐ ஒட்டி, சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொண்டு உதவிப் பணம் தருவார்கள். அது 1921-இல் தொடங்கியது.

நான் சுட்ட ஐந்து குண்டுகள்

நான் என்.சி.சி. மாணவன். இந்த ஆண்டு முகாமில் எங்களைத் துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கு 5 தோட்டா. பாயிண்ட் டூ டூ ரைஃபிள். 25 கெஜத் தூரத்தில் காகிதக் குறி.

சுடும் நேரம் முழுவதும் சிவப்புக் கொடி பறந்தது. குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, விசையை மெதுவாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பிவிடும். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்று குறைந்தாலும் விட மாட்டார்கள்.

குறிக்குப் பின்னால் பெரிய மண்மேடு இருந்தது. ஏன் என்று கேட்டேன். இந்தச் சின்னக் குண்டே தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலே போகுமாம். கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். மண்ணில் பட்டால் அதன் வேகத்தை மண் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு உள்ளேயே நிறுத்திவிடும்.

மண்மேடு என்றதும் எனக்கு நம்ம ஊர்க் கோட்டைதான் ஞாபகம் வந்தது!

மண் கோட்டையின் கதை

இன்று நாம் பார்க்கும் நினைவுக் கோட்டை 1974-இல் அரசு கட்டியது. பழைய கோட்டை மண் கோட்டை. 1799 செப்டம்பர் 5 அன்று பானர்மேன் அதைத் தாக்கினான். அதே ஆண்டு அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களிலேயே மக்கள் கூடி கோட்டையை மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31-இல் கம்பெனிப் படை தாக்கித் தோற்றது. கூடுதல் படை வந்து சேர்ந்த பிறகு, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் வெறும் மண் சுவர் தாக்குப் பிடித்தது!

அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பிற்காலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் செய்தி இது. கோட்டை விழுந்த அன்று ஒரு தாய் களத்தில் மகனைத் தேடிப் போனாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேடி வந்தவர்களிடம், அம்மை கண்டு செத்துப்போனான் என்று துணியால் மூடி அழுதார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். (ஊமைத்துரை பின்னர் பிடிபட்டு 1801 நவம்பர் 16-இல் இங்கேயே தூக்கிலிடப்பட்டார்.)

அந்தத் தாயின் பெயர் யாருக்கும் தெரியாது. மகன் பெயரும் தெரியாது. கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. சின்ன வயதில் நாங்கள் அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கம்பெனிப் படையிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். கூலிக்குப் போனவர்கள். அவர்களையும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் தேடியிருப்பாள்.

பட்டாளத்துத் தாத்தா

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். 1971 போருக்குப் போய் வந்தவர். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. கொடி நாளன்று அவர் வீட்டுக்கும் போனேன். பெருமையாக முகாம் கதையைச் சொன்னேன்.

"எத்தனை குண்டுலே சுட்ட?"

"அஞ்சு தாத்தா."

"அஞ்சும் எங்க போச்சு?"

"மூணு பேப்பர்ல பட்டுச்சு. ரெண்டு மண்ணுல போயிருச்சு."

தாத்தா சிரித்தார். "மண்ணுல போனதுதாம்லே நல்ல குண்டு" என்றார்.

பிறகு உள்ளே போய் ஐம்பது ரூபாய் எடுத்து வந்தார். "தாத்தா, இது உங்களுக்காக வாங்குத பணம். நீங்க எதுக்குப் போடுதீங்க?" என்று கேட்டேன். கூடப் போய்த் திரும்பி வராத கூட்டாளி ஒருவருக்காகப் போடுவதாகச் சொன்னார். வருஷா வருஷம் போடுகிறாராம். கொடியைச் சட்டையில் நானே குத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார். எனக்குப் பேச்சே வரவில்லை.

நண்பர்களே, வீரர்களைப் போற்றுவது என்றால் சுடுவதைப் பார்த்துக் கைதட்டுவது மட்டும் இல்லை. காயம்பட்டவனையும் அவன் வீட்டையும் கைவிடாமல் இருப்பதுதான். பெயர் தெரியாத அந்தத் தாய் இதே மண்ணில் அதைத்தான் செய்தாள். நாம் உண்டியலில் போடும் ஒரு ரூபாயும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்த டிசம்பர் 7-க்கு முன்னால் ஒரு வேலை செய்வோமா? அவரவர் தெருவில் இருக்கும் பட்டாளத்துத் தாத்தா, மாமாக்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாருங்கள். இந்தச் சுவரில் ஒட்டுவோம்.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!
1. கொடி நாள் கொடியின் மூன்று நிறங்கள் எவற்றைக் குறிக்கின்றன?
2. சுடும் இடத்தில் மண்மேடு ஏன்?
3. 1801-இல் கோட்டை விழுந்த நாள் எது?

வாழ்க பாரதம்!

— 10-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்