சைரன் ஏன் அடிக்கல? டெசிமல் எண்களை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

குற்றாலத்தில் அருவிக்குக் கீழே குளிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, மலை மேல எவ்வளவு மழை கொட்டுதுன்னு தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர்னு வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். மேலே ஒரு மழைமானி, கீழே ஒரு சைரன்: தென்காசிப் பக்கத்துப் பசங்களுக்கு மினி ப்ராஜெக்ட்னா சட்டுனு தோணுற ஐடியா இது.

நீங்களே அதைச் செய்றீங்கன்னு வைங்க. மழைமானிக்குள்ள இருக்கிற சின்ன வாளி ஒரு தடவை கவிழ்ந்தால் 0.2 மி.மீ. மழைன்னு கணக்கு. ஒவ்வொரு தடவையும் 'மொத்தம்' என்ற வேரியபிளோடு 0.2 கூட்டுறீங்க. டெஸ்டுக்காக, மொத்தம் == 2.0 ஆனதும் சைரன் அடிக்கணும்னு எழுதுறீங்க. வாளியைப் பத்து தடவை கவிழ்த்தாச்சு. சைரன் அடிக்கல!

பைத்தானில் மொத்தத்தைப் பிரிண்ட் பண்ணிப் பாருங்க: 1.9999999999999998.

ஏன் இப்படி?

மூன்றில் ஒரு பங்கை டெசிமலில் எழுதினால் 0.333... என்று முடியாமல் போகும். பைனரியில் 0.2-க்கும் அதே கதிதான்: 0.001100110011... என்று ஓடிக்கிட்டே இருக்கும். 0.5, 0.25 மாதிரி எண்கள் மட்டும் சரியா அடங்கும். டபுள் வகையில் ஓர் எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான். மிச்சத்தை வெட்டி, பக்கத்து எண்ணுக்கு ரவுண்ட் பண்ணிடும். ஒவ்வொரு கூட்டலிலும் மறுபடி ரவுண்டிங். அந்தத் துளிப் பிழைகள் சேர்ந்துதான் இந்த வித்தியாசம்.

>= போட்டா போதாதா?

போதாது. லேப்டாப்பில் சைரன் பதினோராவது கவிழ்ப்பில்தான் அடிக்கும், ஒரு வாளி தாமதம். அதே கோடை ஆர்டுயினோ ஊனோவில் ஓட்டினால் டபுளும் 32 பிட்தான். அங்கே மொத்தம் 2.0000002 பக்கம் வரும், பத்தாவதிலேயே அடிச்சிடும். லேப்டாப்பில் பார்த்த டெஸ்டை நம்பி போர்டை மலையில் மாட்ட முடியாது.

எவ்வளவு நெருக்கம் போதும்?

வழக்கமான வைத்தியம்: இரண்டு எண்களின் வித்தியாசம் எப்சிலான் என்ற சின்ன எண்ணைவிடக் குறைவா என்று பார்ப்பது. அந்த எப்சிலானை எங்கே இருந்து எடுக்குறீங்க என்பதில்தான் பலரும் வழுக்கி விழுறோம். சி மொழி தரும் 32 பிட் எப்சிலான் சுமார் 0.00000012. அது 1-க்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி. தென்காசியின் தீர்க்கரேகை ஏறக்குறைய 77.31. அந்த இடத்தில் 32 பிட் எண்களின் இடைவெளி சுமார் 0.0000076, தரையில் கிட்டத்தட்ட 84 செ.மீ. அப்போ சின்ன எப்சிலானை வைத்து ஒப்பிடுவதும் == போடுவதும் ஒண்ணுதான்.

அதனால எண் பெரிசானால் அனுமதிக்கும் வித்தியாசமும் பெரிசாகணும். இதுதான் சார்பு எல்லை. பைத்தான் 3.5-இல் வந்த 'ஐஸ்குளோஸ்' ஃபங்ஷன் இதைத்தான் செய்யுது. நாம எதுவும் சொல்லலைன்னா நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் வரை ஏத்துக்கும். ஆனால் பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது கவனம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சார்பு எல்லையும் சுருங்கிடும். எவ்வளவு சின்ன எண்ணா இருந்தாலும் 'சமம் இல்லை' என்றே பதில் வரும். அங்கே தனியாக ஒரு நிலையான எல்லையும் கொடுக்கணும். அந்த எல்லையை உங்க சென்சாரின் துல்லியம் சொல்லட்டும்.

இந்த ப்ராஜெக்டுக்கு எது சரி?

இங்கே ஒப்பிடுற வேலையே வேண்டாம். கவிழ்ப்புகளை முழு எண்ணா எண்ணுங்க. எண்ணிக்கை >= 10 என்றால் சைரன். முழு எண்ணில் ரவுண்டிங் கிடையாது. லேப்டாப்பிலும் போர்டிலும் ஒரே பதில். திரையில் காட்டும்போது மட்டும் 0.2 ஆல் பெருக்கிக்கலாம். ரூபாயைப் பைசாவா வைக்கிறதும் இதே தந்திரம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில், 100 மணி நேரம் ஓடிய பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி 0.1 நொடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்ததால் நேரக் கணக்கு 0.34 நொடி பிசகியது. வந்த ஏவுகணையைத் தடுக்கவில்லை. 28 வீரர்கள் இறந்தார்கள்.

இன்னைக்கே உங்க பழைய ப்ராஜெக்டைத் திறந்து, டெசிமல் எண்களுக்கு நடுவில் == எங்கெல்லாம் இருக்குன்னு தேடிப் பாருங்க.