நீள இறக்கைத் தேனீ ஈயை அடையாளம் காண்பது எப்படி?

சிங்கப்பூரில் வெயில் ஏறிய மணற்பாதைகளின் ஓரத்தில் கரிய, பருத்த பூச்சி ஒன்று இறக்கைகளை இருபுறமும் விரித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வயிற்றில் வெள்ளைப் பட்டைகள். இறக்கையில் நீலமும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு. பார்ப்பவர்களில் பலர் குளவி என்று ஒதுங்கிப் போவார்கள். சிலர் தச்சுத் தேனீ என்பார்கள். இரண்டும் இல்லை, அது தேனீ ஈ. கொட்டாது, கடிக்காது. நம் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாக நெருங்கினால் போதும்.

முதலில் அது ஈதானா என்று உறுதி செய்யுங்கள். தேனீக்கும் குளவிக்கும் இரண்டு இணை இறக்கைகள், ஈக்கு ஒரே இணை. ஆனால் களத்தில் இதை எண்ணுவது கடினம். உணர்கொம்பைப் பார்ப்பது எளிது. தேனீ ஈயின் உணர்கொம்பு முகத்தில் ஒட்டிய சிறு முள் போலக் குட்டையாக இருக்கும். தச்சுத் தேனீயுடையது நீளமாக, முழங்கை போல் மடிந்திருக்கும். உட்காரும் விதமும் உதவும். தேனீ இறக்கையை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். நம் ஈ விரித்தே வைத்திருக்கும்.

அடுத்து, வேறு ஈக்களிலிருந்து பிரிக்க வேண்டும். கண்களுக்கு நடுவே பள்ளமும் முகத்தில் தாடி போன்ற முட்களும் இருந்தால் அது வேட்டையாடும் கொள்ளை ஈ. இறக்கை நுனியின் இருபுறமும் அகலக் கவைத்துப் பிரியும் நரம்பு இருந்தால் மாட்டு ஈ.

மூன்றாவது படம் எடுப்பது. அடையாளம் காண்பதில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. பக்கவாட்டுப் படம் அழகாக இருக்கும், ஆனால் பெயர் தேட உதவாது. நேர் மேலிருந்து, இரண்டு இறக்கைகளும் தட்டையாகத் தெரியும்படி ஒன்று. முகம் தெரிய ஒன்று. தலையின் பின்புறமும் கண்ணின் பின்விளிம்பும் தெரியப் பக்கத்திலிருந்து ஒன்று. இந்த ஈயின் உட்குடும்பத்தில் கண்ணின் பின்விளிம்பு உள்நோக்கிக் குழிந்திருக்கும். கருமையான இறக்கையில் நரம்புகள் மறைந்துபோகும் என்பதுதான் பெரிய தொல்லை. எக்ஸ்போஷரை ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டி எடுங்கள். வெளிர்நிறக் கல்லிலோ காய்ந்த இலையிலோ உட்காரும்வரை காத்திருங்கள். எதிர்வெயிலில் எடுத்தால் இறக்கையின் ஊடே ஒளி வந்து நரம்புகள் துலங்கும். ஃபிளாஷ் நேராக அடித்தால் நீல மினுமினுப்பு மட்டுமே பதியும்.

ஈயின் இறக்கை நீளமானது என்று முடிவு கட்டுமுன் அளந்து பாருங்கள். சாய்வாக எடுத்த படத்தில் உடல் குறுகி இறக்கை நீண்டு தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் மட்டும், இறக்கை அடியிலிருந்து நுனிவரை உள்ள நீளத்தை உடல் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஈ பறந்துபோன பிறகு, அது உட்கார்ந்த இடத்தில் அளவுகோல் வைத்து அதே தூரத்திலிருந்து இன்னொரு படம் எடுத்துவிட்டால் உண்மையான அளவும் கிடைத்துவிடும்.

இனி நரம்புகள். என் கணிப்பில் இதுவே தீர்ப்பு சொல்லும் இடம். நிறத்தை நம்பாதீர்கள்: வயிற்றின் வெள்ளைப் பட்டைகள் செதில்களாலும் மயிராலும் ஆனவை, வயதான ஈயில் உதிர்ந்துவிடும். நரம்பு உதிராது. இறக்கையின் முன்னோரத்துக்குக் கீழே, நுனியை நோக்கி வரிசையாக நிற்கும், நரம்புகள் சூழ்ந்த உள்ளோர அறைகளை எண்ணுங்கள். வில்லா பேரினத்தில் இரண்டு, எக்சோபுரோசோபாவில் மூன்று, லிகைராவில் பொதுவாக நான்கு. நான்கு இருந்து, இறக்கை முழுக்கக் கருத்து, வயிற்றில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் சிங்கப்பூரில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் லிகைரா டான்டலஸ். பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1794இல் பெயரிட்ட இனம் இது. ஆந்த்ராக்ஸ் பேரினத்தைச் சேர்ந்ததோ என்ற ஐயம் வந்தால் உணர்கொம்பின் நுனியை உருப்பெருக்கிப் பாருங்கள். ஆந்த்ராக்ஸாக இருந்தால் அதில் மயிர்க்குஞ்சம் ஒன்று இருக்கும்.

தீவில் கிடைத்தது என்பதாலேயே அது உலகில் வேறெங்கும் இல்லாத இனமாகிவிடாது. ஹவாய் போல நடுக்கடலில் எழுந்த தீவு வேறு, சிங்கப்பூர் வேறு. குறுகிய ஜொகூர் நீரிணைதான் சிங்கப்பூரை மலாயாத் தீபகற்பத்திலிருந்து பிரிக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் அதுவும் தரையாக இருந்தது. ஆகவே அக்கரையில் உள்ள இனங்களோடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் ‘புதியது’ என்ற எண்ணமே வர வேண்டும். இந்தியா, இலங்கை, பர்மா பகுதிகளுக்கு புருனெட்டி 1920இல் எழுதிய நூல் இன்றும் உதவும். உலகெங்கும் உள்ள தேனீ ஈக்களுக்கு எவென்ஹுயிஸ், கிரேட்ஹெட் இருவரும் 1999இல் வெளியிட்ட பட்டியல் இருக்கிறது.

ஈ என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மணலில் வயிற்று நுனியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் அது பெண். முட்டைகளின்மேல் பூச மணலை வயிற்று நுனியிலுள்ள அறையில் நிரப்பிக்கொள்கிறது. அருகில் தனித்து வாழும் தேனீ, குளவிகளின் வளைகள் இருந்தால் அவற்றையும் படம் எடுங்கள். தேனீ ஈக்களின் புழுக்கள் பலவும் இத்தகைய பூச்சிகளின் புழுக்களைத் தின்றே வளர்கின்றன.

பிடித்து ஊசியில் குத்தி வைக்க நினைக்காதீர்கள். சிங்கப்பூரின் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் அனுமதியின்றிப் பூச்சி பிடிப்பது சட்டப்படி குற்றம். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடம், தேதி, நேரத்தோடு ஏற்றுங்கள். அறைகளின் எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்து மற்றவை தெரியவில்லை என்றால் ‘லிகைரா’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊகித்து இனப்பெயர் போட வேண்டாம்.