ஆஃபர் லெட்டர் இருக்கு, ஜாயினிங் டேட் எங்க?

இலஞ்சியில எங்க தெரு அண்ணன் ஒருத்தர் 2022-ல் இன்ஜினியரிங் முடிச்சார். கையில ஆஃபர் லெட்டர். குற்றாலத்துல சீசன் ஆரம்பிக்கும்போது "அடுத்த மாசம் கூப்பிட்டுருவாங்க"ன்னார். சீசன் முடிஞ்சு ஐப்பசி மழையும் வந்துட்டு. மெயில் மட்டும் வரல.

இது அவர் ஒருத்தர் கதை இல்ல. 2008 செப்டம்பரில் அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகும் ஃப்ரெஷர்ஸ் பலர் இப்படித்தான் காத்துக்கிடந்தாங்க. காரணம் எளிமையானது. கேம்பஸ்ல நம்மை எடுக்கிறது இன்னிக்கு இருக்கிற வேலைக்கு இல்ல, அடுத்த வருஷம் வரும்னு நம்புற ப்ராஜெக்டுக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளர் செலவைக் குறைச்சா முதல்ல நிக்கிறது புது ஆள் சேர்ப்புதான்.

அண்ணன் செஞ்ச தப்பு, லெட்டர் இருக்கேன்னு எட்டு மாசம் வேற எதுக்கும் விண்ணப்பிக்காம இருந்தது. கல்விக் கடனுக்குப் பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். அந்த ஒரு வருஷத்தைச் சும்மா விடாதீங்க.

பலர் கவனிக்காத வழி அப்ரண்டிஸ். 1961 தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருது, பட்டதாரிகளுக்கு ஒரு வருஷம். 2019-ல் திருத்தின விதிப்படி மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய்னு இருந்துச்சு. சென்னைக்குப் போனா ரூம் வாடகைக்கே சரியாப் போயிரும், உண்மைதான். ஆனா திருச்சி பெல், நம்ம பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மாதிரி இடங்கள்லயும் எடுக்கிறாங்க. விண்ணப்பிக்க 'நாட்ஸ்' தளத்துல பதிவு பண்ணணும். ஏற்கெனவே ஒரு வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருந்தா இதுல சேர முடியாது. அதனால படிச்சு முடிச்ச கையோட பாருங்க. நடுவுல ஜாயினிங் டேட் வந்தா விலக என்ன விதின்னு கையெழுத்துக்கு முன்னாடியே படிச்சிருங்க.

சென்னை, பெங்களூருதான் வேலைன்னு நினைச்சா மத்தளம்பாறைக்கு ஒரு தடவை பைக்கை விடுங்க. 2011-ல் ஜோஹோ தென்காசிப் பக்கம் வந்தப்போ கிராமத்துல என்ன சாஃப்ட்வேர்னு சிரிச்சவங்க உண்டு. 'ஜோஹோ டெஸ்க்' உருவானது அங்கதான். +2, டிப்ளமோ முடிச்ச பிள்ளைங்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கும் எடுக்கிறாங்க. டிகிரி வச்சிருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும். அவங்க கேட்கிறது நீ என்ன செஞ்சு வச்சிருக்கேன்னுதான். ரெஸ்யூமேல 'ஜாவா தெரியும்'னு எழுதுறதைவிட, அப்பா கடைக்கு ஒரு சின்ன பில்லிங் ஆப் எழுதி, அது ஓடுறதைக் காட்டலாம்.

காத்திருக்கிற நேரத்துலதான் 'டெபாசிட் கட்டினா வேலை'ன்னு போன் வரும். காசு கேட்டா கட் பண்ணிருங்க.

அண்ணன் கடைசியில அப்ரண்டிஸ் சேர்ந்தார், தவணை தொடங்க ரெண்டு மாசம் இருக்கும்போது. அதுக்கு முன்னாடி வங்கிக்குப் போய், இன்னும் வேலை கிடைக்கல, அவகாசம் வேணும்னு எழுத்துல கொடுத்தார். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "இதை ஏன் தம்பி முன்னாடியே வந்து சொல்லல?"